எழுத்து எமது; திறவுகோல் எவரது?

"பழைய மென்பொருள் புதிய கணினியில் ஓடாது, புதியதை வாங்குங்கள்" என்னும் வாக்கியம் இன்று வேதவாக்கின் அந்தஸ்தைப் பெற்றுவிட்டது. கட்டுகஸ்தோட்டையில் கணினி திருத்தும் சிறு கடையிலும் இதையே சொல்கிறார்கள். கண்டி நகரத்துப் பெரிய விற்பனை நிலையத்திலும் இதையே சொல்கிறார்கள். கருத்தரங்க மேடைகளில் நவீனமயமாக்கல் பற்றி முழங்கும் அறிஞர்களும் சற்று அலங்காரமான நடையில் இதையேதான் சொல்கிறார்கள். கேட்பவர்களோ இதனை மழையையும் வெயிலையும் போன்றதோர் இயற்கை நியதியாக ஏற்றுக்கொண்டு, பணப்பையைத் திறக்கிறார்கள். பணம் இல்லாதவர்கள் பெருமூச்செறிந்து வீடு திரும்புகிறார்கள். இது உண்மையிலேயே இயற்கை நியதிதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழுதடைவது யாது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். கணினி பழுதடையும். அது உலோகமும் சிலிக்கனும் சேர்ந்த பண்டம். வண்டியின் அச்சாணி தேய்வதைப் போல அதன் விசிறியும் தேயும், வன்தட்டும் ஒருநாள் நின்றுபோகும். ஆனால் மென்பொருள் தேய்வதில்லை. அது கட்டளைகளின் கோவை. பெருக்கல் வாய்பாடு எவ்வாறு தேயாதோ அவ்வாறே அதுவும் தேயாது. 1997 இல் ஒரு கடிதத்தைச் செம்மையாக எழுதித் தந்த நிரல் இன்றும் அதே செம்மையுடன் எழுதித் தர வல்லது. ஆசிரியர் தயாரிக்கும் வினாத்தாளின் தேவைகள் அன்றிலிருந்து பெரிதாக மாறிவிடவுமில்லை. மாறியது அந்த நிரல் நின்றுகொண்டிருந்த நிலம். அந்நிலத்தை மாற்றியவர்கள் யார், எவருடைய நன்மையை முன்னிட்டு மாற்றினார்கள் என்பதே கேள்வி.

தொண்ணூறுகளின் பிற்பகுதியிலும் இரண்டாயிரத்தின் முற்பகுதியிலும் மலையகத் தமிழ்ப் பாடசாலைகளிலும் சங்கங்களிலும் அச்சகங்களிலும் எழுத்துவேலை எப்படி நடந்தது என்பதை வயதில் மூத்த ஆசிரியர்கள் அறிவார்கள். கடிதத்துக்கும் வினாத்தாளுக்கும் மைக்ரோசொப்ட் வேர்ட். மலருக்கும் நூலுக்கும் பேஜ்மேக்கர். இரண்டிலும் எழுத்துக்குப் பாமினி. தவணைப் பரீட்சை வினாத்தாள், ஒளிவிழா நாடகப் பிரதி, தொழிற்சங்கக் கிளையின் கூட்டக் குறிப்பு, ஒரு தோட்டத்தின் வரலாற்றைச் சொல்லும் சிறு கட்டுரை என எத்தனையோ எழுத்துகள் இந்த மூன்றின் துணைகொண்டே உருவாயின. இறுவட்டுகளில் பதிந்து அலுமாரியில் வைக்கப்பட்டன. இன்று பழைய கணினி நின்றுவிட, வின்டோஸ் 11 பொருத்திய புதிய கணினி மேசைக்கு வருகிறது. இறுவட்டை எடுத்து இடும்போது ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பூட்டுகள் எதிர்ப்படுகின்றன.

முதற்பூட்டு நிரலுக்கு இடப்பட்டது. தொண்ணூறுகளின் நிரல்களுட் பல 16-பிட் அமைப்புக்கென எழுதப்பட்டவை. 32-பிட்டுக்கு எழுதப்பட்ட நிரல்கள் சிலவற்றிலும், அவற்றைக் கணினியில் நிறுவும் சிறு நிரல் மட்டும் 16-பிட்டாகவே இருந்தது. 64-பிட் வின்டோஸ் இத்தகைய நிரல்களை அடியோடு ஏற்பதில்லை. வின்டோஸ் 10 வரை 32-பிட் பதிப்பும் கிடைத்தது. 2021 இல் வந்த வின்டோஸ் 11, 64-பிட்டாக மட்டுமே வெளியிடப்பட்டது. வின்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவடைந்தது. நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் பழைய கணினிகள் பலவற்றில் வின்டோஸ் 11 ஐ முறைப்படி ஏற்றவும் இயலாது. குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் குறிப்பிட்ட வகைச் செயலிகளும் வேண்டுமென்பது நிபந்தனை. ஆகவே பழைய நிரலுக்குப் புதிய கணினியில் இடமில்லை. புதிய இயங்குதளத்துக்குப் பழைய கணினியில் இடமில்லை. இரண்டு கதவுகளும் ஒரே கையால் சாத்தப்பட்டிருக்கின்றன.

இரண்டாம் பூட்டு கோப்பு வடிவத்துக்கு இடப்பட்டது. பேஜ்மேக்கரின் கதையைக் கேளுங்கள். அல்டஸ் நிறுவனம் 1985 இல் வெளியிட்ட அந்நிரல் 1994 இல் அடோபியின் உடைமையாயிற்று. 2001 இல் வந்த ஏழாம் பதிப்பே இறுதிப் பதிப்பு. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைன் சில காலம் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்தது. பிற்காலப் பதிப்புகளில் அந்த வசதியும் கைவிடப்பட்டது. 2013 இல் அடோபி, தன் நிரல்கள் பலவற்றின் புதிய பதிப்புகளை விலைக்கு விற்பதையே நிறுத்தி, சந்தா கட்டுபவருக்கு மட்டும் என்று அறிவித்தது. அதாவது, நம்முடைய மலரைத் திறக்கும் உரிமையை நாம் ஒருமுறை வாங்கினோம் என்று எண்ணியிருந்தோம். இனி அது மாதாமாதம் செலுத்தவேண்டிய வாடகை. அந்த வாடகையைக் கட்டினாலும் பழைய மலர் திறவாது!

மைக்ரோசொப்டின் வரலாறும் இதற்குச் சளைத்ததன்று. 2007 இல் வெளியான ஒபிஸ் 2003 இன் மூன்றாம் திருத்தத் தொகுதி, பழைய கோப்பு வடிவங்கள் பலவற்றைத் திறக்காதவாறு தடுத்தது. பாதுகாப்பே காரணம் என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பின்னர், 2008 ஜனவரியில், அபாயம் அந்தக் கோப்பு வடிவங்களில் இல்லை, அவற்றை வாசிக்கும் தம்முடைய நிரலிலேயே இருக்கிறது என்பதை அந்நிறுவனத்தாரே ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. வீட்டின் சுவரில் ஓட்டை விட்டவன், அதனை அடைப்பதை விட்டுவிட்டு, வீட்டுக்காரனின் பழைய பெட்டகத்துக்கு முத்திரை வைத்த கதை இது.

மூன்றாம் பூட்டு தமிழர்களுக்கே உரியது. பாமினியில் எழுதிய கோப்பு உண்மையில் தமிழ்க் கோப்பே அன்று. 'தமிழ்' என்னும் சொல்லைப் பாமினியில் எழுதினால், கணினி தன்னகத்தே பதிந்துவைப்பது ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். ஜே என்னும் ஆங்கில எழுத்தின் உருவத்தை மறைத்து அதன்மேல் தகரத்தின் உருவம் ஒட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவே. ஒட்டிய முகமூடி இருக்குமிடத்தில் தமிழ் தெரியும். முகமூடி இல்லாத புதிய கணினியிலோ மாணவனின் கைத்தொலைபேசியிலோ திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். மேலும், பாமினி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதுவது: 'கொ' என்பதில் முதலிற் கொம்பு, பின்னர் ககரம், அதன் பின்னர் கால். யூனிகோடோ மெய்யை முதலில் வைத்து, உயிர்க்குறியை அதன்பின் வைப்பது. ஆகையால் ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்கு எழுத்துக்கு எழுத்து ஈடுவைத்தால் மட்டும் போதாது, வரிசையையும் திருத்தவேண்டும்.

இதற்காகப் பாமினியைப் படைத்தவர்களை நாம் பழிக்கமாட்டோம். பெரும் நிறுவனங்கள் தமிழைத் திரும்பியும் பாராத காலத்தில், அகப்பட்ட கருவியைக் கொண்டு அகப்பட்ட வழியில் தமிழைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா தமிழ்த் தட்டெழுத்துப் பொறிக்கு விசைப்பலகை அமைத்த முயற்சியின் வாரிசுகள் என்றே அவர்களைக் கொள்ளலாம். யூனிகோட் 1991 இலேயே தமிழுக்கு இடமளித்திருந்தும், வின்டோஸ் 2000 வரும்வரை மைக்ரோசொப்டின் இயங்குதளத்தில் அதற்கு வழியிருக்கவில்லை. இந்தக் காலதாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் நாம். தமிழ்நாட்டிலும் நிறுவனத்துக்கொரு குறிமுறை என்று பல முளைத்தன. 1999 இல் டாம், டாப் என இரண்டு நியமங்கள் வகுக்கப்பட்டும் குழப்பம் தீரவில்லை. 2010 இலேயே தமிழ்நாட்டு அரசு யூனிகோடை நியமமாக ஏற்றது.

இனி நம்மை எதிர்ப்பவர்களின் வாதங்களை நோக்குவோம்.

"முன்னேற்றம் என்றால் பழையன கழிவது இயல்பே, இதில் நிறுவனங்களைக் குறைசொல்வானேன்?" என்பது முதல் வாதம். 1964 இல் ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 என்னும் பெருங்கணினி வரிசையை அறிவித்தது. அதற்கென எழுதப்பட்ட பயன்பாட்டு நிரல்கள், அறுபது ஆண்டுகள் கடந்தும், அந்நிறுவனத்தின் இன்றைய பெருங்கணினிகளில் இயங்கும் வகையில் ஒவ்வொரு தலைமுறைப் பொறியும் வடிவமைக்கப்பட்டு வந்திருக்கிறது. பெருங்கணினிகளை வாங்குபவர்கள் யார்? வங்கிகள், காப்புறுதிக் கம்பனிகள், அரசாங்கங்கள். அவர்களுடைய பழைய நிரல் ஓடாது என்று சொல்லும் துணிவு விற்பவனுக்கு இல்லை. கட்டுகஸ்தோட்டையில் வினாத்தாள் தட்டும் ஆசிரியையிடம் அதே வாக்கியத்தைச் சொல்வதற்கு எந்தத் துணிவும் தேவையில்லை. பழையது கழிய வேண்டுமா, நிலைக்க வேண்டுமா என்பதை விஞ்ஞானம் தீர்மானிப்பதில்லை, பணம் தீர்மானிக்கிறது. இதனையே நாம் வர்க்கப் பிரச்சினை என்கிறோம்.

64-பிட் நிலையில் இயங்கும் செயலியில், பழைய 16-பிட் நிரல்களை ஓட்டுவதற்கு உதவிய ஒரு வசதி நீக்கப்பட்டிருப்பது உண்மை. அதனை நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தடையைத் தாண்ட முடியாதென்பது பொய். பழைய கணினி விளையாட்டுகளின்மீது பற்றுக்கொண்ட தன்னார்வலர்கள் சிலர், பழைய கணினி ஒன்றையே மென்பொருளால் போலிசெய்யும் டொஸ்பொக்ஸ் என்னும் நிரலை 2002 முதல் இலவசமாக வழங்கிவருகிறார்கள். விளையாட்டுக்காகச் சிலர் ஓய்வு நேரத்திற் செய்து முடித்ததை, உலகின் மிகப் பெரிய செல்வங்களுள் ஒன்றைக் கையில் வைத்திருக்கும் நிறுவனம் தன் வாடிக்கையாளருக்குச் செய்து கொடாமைக்குக் காரணம் இயலாமையாக இருக்க முடியுமா? இலாபம் இல்லாமையே காரணம்.

முதலாளித்துவத்தில் இது புதிய வித்தையுமன்று. 1924 இல் ஜெனீவாவிற் கூடிய மின்குமிழ் உற்பத்தியாளர்கள் 'ஃபீபஸ்' என்னும் கூட்டிணைவை அமைத்து, குமிழின் ஆயுளை 1000 மணித்தியாலமாகக் குறைக்கத் தமக்குள் உடன்பட்டார்கள். அதைவிட நெடுநாள் எரியும் குமிழைச் செய்தவன் தண்டப்பணம் கட்டினான். குமிழின் இழையை மெலிதாக்கிச் சாகடிக்கலாம். மென்பொருளுக்கோ இழையில்லை. ஆகவே அது நிற்கும் நிலத்தை இழுத்துவிடுகிறார்கள்.

"புதிதாக வாங்கிவிட்டாற் போகிறது" என்பது இரண்டாவது வாதம். இதைச் சொல்பவர்கள் 2022 ஆம் ஆண்டை மறந்துவிட்டார்கள் போலும். அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. ஆசிரியரின் சம்பளம் ரூபாவில். கணினியின் விலையும் மென்பொருளின் சந்தாவும் டொலரில். எரிபொருளுக்கு வரிசையில் நின்ற ஒரு நாட்டின் ஆசிரியரிடம், தன்னுடைய பழைய எழுத்தைப் படிப்பதற்குப் புதிய இயந்திரம் வாங்கு என்று உபதேசிப்பது அறியாமையா, இரக்கமின்மையா?

"திருட்டுப் பிரதி இருக்கிறதே, எதற்குக் கவலை?" என்பது மூன்றாவது வாதம். இதனைச் சிலர் ஏழைகளின் புரட்சி என்றுகூடக் கருதுகிறார்கள். புரட்சியுமில்லை, புடலங்காயுமில்லை. திருட்டுப் பிரதியில் எழுதிய கோப்பும் அதே நிறுவனத்தின் வடிவத்திலேயே உறைகிறது. அதே பூட்டு அதற்கும் உண்டு. ஒரு தலைமுறை மாணவர்களை அந்நிரலுக்கு மட்டும் பழக்கி, நாளை அவர்கள் வேலைக்குப் போகுமிடத்தில் அதனையே விலைக்கு வாங்கவைக்கும் இலவச விளம்பரமாகவே அது முடிகிறது. சங்கிலி இலவசமாகக் கிடைத்தாலும் சங்கிலி சங்கிலியே.

நிறுவனங்களைச் சாடுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. தமிழ் செம்மொழி என்று மேடைதோறும் மார்தட்டும் நம் சங்கங்கள் தம் சொந்த மலர்களின் கோப்புகளை எந்த நிலையில் வைத்திருக்கின்றன? 2003 இல் இந்நாட்டில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் அமைக்கப்பட்டது. 2008 இல் தமிழுக்கான இலங்கைத் தர நியமம், எஸ்.எல்.எஸ். 1326, வெளியாயிற்று. இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னரும் பாமினியில் தட்டிய கட்டுரைகள் அச்சகங்களுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. 1956 இல் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்தோம். 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. சட்டத்திற் பெற்ற உரிமை மேசைக் கணினியில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகச் சிதறுமாயின் அந்த உரிமையின் பெறுமதி என்ன?

சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடு தேடிய காலத்தை எண்ணிப் பாருங்கள். செல்லரித்த ஏட்டிலும், அரிக்காது எஞ்சிய வரியை அவர் எவருடைய அனுமதியும் இன்றிப் படித்தார். 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். நம்முடைய இறுவட்டிலுள்ள கோப்பில் ஓர் எழுத்தும் அரிக்கப்படாமல் இருக்கலாம். ஆயினும் ஒரு வரியையும் படிக்க முடியவில்லை. விளைவு யாது? கணினியிலேயே தட்டி, கணினியிலேயே பக்கம் அமைத்த நூல்கள் பல, இன்று தாளிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் படம்பிடிக்கப்பட்டு மீட்கப்படுகின்றன. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தின் தொண்டர்கள் செய்துவரும் அரும்பணிக்கு ஈழத்துத் தமிழுலகம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. ஆனால் அச்சேறியதை அன்றோ அவர்கள் படம்பிடிக்க முடியும்? அச்சேறாத நாடகப் பிரதியையும் சங்கக் குறிப்பையும் தோட்ட வரலாற்றையும் யார் மீட்பார்?

ஓர் ஆவணத்தின் பெறுமதி என்னவென்று மலையக மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 2003 இன் சட்டம் வரும்வரை, பிறப்புச் சான்றிதழ் ஒன்றுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்த மக்கள் அவர்கள். அம்மக்களின் பிள்ளைகள் ஆசிரியர்களாகி, முதன்முறையாகத் தம் கையாலேயே தட்டிவைத்த வரலாறு அலுமாரி இறுவட்டுகளில் கிடக்கிறது. தாள் இல்லாமையால் ஒருமுறை இல்லாதவராக்கப்பட்டோம். திறவுகோல் இல்லாமையால் மறுமுறை இல்லாதவராக்கப்பட இடங்கொடுக்கலாமா?

இடங்கொடுக்கத் தேவையில்லை என்பதற்கு உதாரணங்கள் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள், முன்னர் வேறு குறிமுறைகளில் தட்டிய இலக்கியங்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றி வழங்கினார்கள். பேஜ்மேக்கர் கோப்புக்கு அதன் உடைமையாளரே கதவைச் சாத்தியபோது, கட்டற்ற மென்பொருளான லிப்ரே ஒபிஸ் 2015 இல் அந்தக் கோப்புகளைத் திறக்கக் கற்றுக்கொண்டது; பழைய வேர்ட் கோப்புகளையும் வேர்ட்பேர்பெக்ட் கோப்புகளையும் அது திறக்கிறது. அதன் சொந்தக் கோப்பு வடிவமான ஓடிஎஃப், 2006 இல் சர்வதேச நியமமாயிற்று; 2014 இல் பிரித்தானிய அரசு தன் அலுவலக ஆவணப் பரிமாற்றத்துக்கு அதனைத் தேர்ந்தது. அண்டையிலுள்ள கேரளத்தில், 2001 இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின் வழியே அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. அங்குள்ள ஆசிரியர்களாற் கூடியது இங்குள்ளவர்களாற் கூடாதா?

செய்யவேண்டியவை தெளிவு. ஒவ்வொரு பாடசாலையும் ஒவ்வொரு சங்கமும் தன் இறுவட்டுகளையும் பழைய வன்தட்டுகளையும் ஓரிடத்திற் சேர்க்கட்டும். இறுவட்டும் நிரந்தரமன்று, ஆகவே முதலில் மூலக்கோப்பை மாற்றாது இரண்டு பிரதிகள் எடுக்கவேண்டும். பின்னர் பிரதியை லிப்ரே ஒபிஸிலோ, இன்னும் உயிரோடிருக்கும் ஒரு பழைய கணினியிலோ, புதிய கணினிக்குள் பழைய இயங்குதளத்தை ஏற்றும் மெய்நிகர் இயந்திரத்திலோ திறக்கவேண்டும். பாமினியை யூனிகோடாக்கும் மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் இயந்திரத்தை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டிருக்கலாகாது. தமிழுக்கிடையில் வந்த ஆங்கிலச் சொல்லையும் சில மாற்றிகள் தமிழென்று எண்ணிக் குதறிவிடும். ஆகவே ஒப்புநோக்குவதற்கு மாணவர்கள் வேண்டும். இதைவிடச் சிறந்த தமிழ்ப் பயிற்சி உண்டா? முடிந்ததை ஓடிஎஃப் வடிவிலும் வெறும் எழுத்துக் கோப்பாகவும் சேமித்து, ஒரு பிரதியை வேறோர் ஊரில் வைக்கவேண்டும். பாமினி விசைவரிசைக்குப் பழகிய விரல்கள் அஞ்சவேண்டாம்; அதே விசைகளைத் தட்டி யூனிகோடில் எழுத இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற கருவிகள் பல ஆண்டுகளாகவே உள்ளன.

இவை நம் கையில் உள்ளவை. அரசிடம் கேட்டுப் பெறவேண்டியவையும் உண்டு. பொதுப்பணத்தில் வாங்கும் கணினி எதுவும் திறந்த நியமத்தில் எழுதவும் படிக்கவும் வல்லதாக இருக்கவேண்டும். தமிழிற் செல்லும் சுற்றறிக்கை ஒவ்வொன்றும் யூனிகோடிலேயே செல்லவேண்டும். கைவிடப்பட்ட மென்பொருளின் கோப்பு வடிவ விவரங்களை அதன் உடைமையாளர் வெளியிடவேண்டுமென்று சட்டம் கட்டாயப்படுத்தவேண்டும். ஆசிரியர் சங்கங்கள் சம்பள உயர்வுக் கோரிக்கையோடு இவற்றையும் தம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும்.

எழுதியவன் தன் எழுத்தைப் படிப்பதற்கு வணிகனிடம் அனுமதி கேட்கும் நிலை எந்த முன்னேற்றத்தின் பெயராலும் நியாயமாகாது. வருகின்ற விடுமுறையிலேயே அலுமாரியைத் திறந்து, இறுவட்டுகளை எண்ணுங்கள். வேலை அங்கிருந்தே தொடங்குகிறது.